பழைய குடமும் ஜாடியும் பூச்சாடியாக: திருச்சி, ஸ்ரீரங்கம் வீடுகளுக்கான தேர்வு முறை

நம் வீடுகளில் பூவைத் தொடுத்துச் சாமி படத்துக்குப் போட்டோம், தலையில் வைத்தோம், உதிரியாகத் தட்டில் பரப்பினோம். தண்டோடு நறுக்கிய பூவை நீர் விட்ட சாடியில் நிறுத்தி அழகு பார்ப்பது பின்னால் வந்த பழக்கம். அதனால் நம்மூர்ப் பழைய வீடுகளில் பூச்சாடி என்று தனியாக ஒரு சாமான் அபூர்வம். ஆனால் பூச்சாடியாக நிற்கத் தகுந்த பாத்திரங்களுக்குப் பஞ்சமே இல்லை. மாவிலை செருகித் தேங்காய் வைத்த பூரணகும்பத்தைவிட நல்ல சாடி வடிவம் எந்த நாட்டில் இருக்கிறது? இந்த அத்தியாயம் குடம், சொம்பு, கூஜா, ஊறுகாய் ஜாடி போன்ற பழைய புழங்கு பாத்திரங்களை வீட்டு அலங்காரத்துக்குத் தேர்ந்தெடுப்பது பற்றியது.

ஒன்றை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள், தேய்மானத்தைப் பார்த்து வாங்குங்கள். பளபளப்பை அரை மணி நேரத்தில் யாரும் ஏற்றிவிடலாம். ஐம்பது வருடம் கை பட்டுக் கயிறு பட்டுத் தேய்ந்த தேய்மானத்தைப் பொய்யாக உண்டாக்குவது கடினம்.

முதலில் இடம்

கடைக்குப் போகும் முன் பாத்திரம் நிற்கப்போகும் இடத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்: அகலம், ஆழம், மேலே எவ்வளவு உயரம் காலி, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது. ஸ்ரீரங்கத்து உத்தர வீதி, சித்திரை வீதிப் பழைய வீடுகளில் திண்ணை, ரேழி, கூடம் என்று நீளவாக்கில் இடம் இருக்கும். அங்கே தரையில் நிற்கும் பெரிய தவலையோ அண்டாவோ எடுபடும். தில்லைநகர், திருவானைக்காவல் அடுக்ககங்களில் அதே அண்டா வழியை அடைக்கும். அங்கே ஒரு கூஜா, இரண்டு சொம்பு போதும்.

பூவும் தழையும் பாத்திரத்தின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு மேலே எழும்பினால் பார்வைக்குச் சமமாக இருக்கும். 25 சென்டிமீட்டர் கூஜாவென்றால் அதற்கு மேல் 35 முதல் 40 சென்டிமீட்டர் வரை பூ நிற்கும். ஆகவே மொத்தம் 65 சென்டிமீட்டர் உயரம் காலியாக வேண்டும். அலமாரித் தட்டில் அவ்வளவு இடம் இல்லையென்றால் வாய் அகன்ற தாழ்ந்த பாத்திரமே பொருத்தம்.

எந்த வடிவம் எதற்கு

*குடம், தோண்டி:* அடி உருண்டையாக இருப்பதால் தானாக நிற்காது. பிரிமணை அல்லது குட்டை முக்காலி வேண்டும். வாய் குறுகி வயிறு பெருத்த வடிவம் என்பதால் நீண்ட தண்டுகளை இறுகப் பிடித்துக்கொள்ளும். தாமரைத் தண்டு, தென்னம்பாளை, நெற்கதிர்க் கொத்து எல்லாம் இதில் நன்றாக நிற்கும்.

*கூஜா:* ரயில் பயணத்துக்குக் குடிநீர் கொண்டுபோன, திருகு மூடியும் கைப்பிடியும் உள்ள பாத்திரம். மூடியைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டுச் சம்பங்கித் தண்டுகளை நிறுத்துங்கள். மூடி காணாமல் போன கூஜா குறைந்த விலைக்குக் கிடைக்கும். பூ வைப்பதற்கு மூடி தேவையும் இல்லை.

*பன்னீர்ச்செம்பு:* நீண்டு ஒடுங்கிய கழுத்து. பல செம்புகளில் துளைத் தலையைத் திருகிக் கழற்றலாம். ஒற்றைத் தண்டுக்கு இதைப் போன்ற சாடி வேறில்லை.

*உருளி:* நீரில் உதிரிப்பூவும் தாமரையும் மிதக்கவிட ஏற்றது. கேரளத்து வார்ப்பு உருளி நம் சந்தைக்கும் வருகிறது.

*படி, உழக்கு, ஆழாக்கு:* பழைய அளவைப் பாத்திரங்கள். மேசை மேல் சிறு பூங்கொத்துக்குச் சரியான அளவு. மெட்ரிக் அளவைக்கான சட்டம் 1956-இல் வந்தது. அதன் பிறகு இவை மெல்ல மெல்லக் கடைகளிலிருந்து விடைபெற்றன. பக்கத்தில் அரசு முத்திரை குத்தியிருந்தால் அதைத் தேய்க்காமல் விடுங்கள்.

*படிக்கம்:* விரிந்த வாயும் ஒடுங்கிய இடையுமாக அசப்பில் பூச்சாடி போலவே இருக்கும். விற்பவரும் பூச்சாடி என்றே சொல்லி விற்பார். ஆனால் அது வெற்றிலை எச்சில் துப்பப் புழங்கியது. வீட்டுப் பெரியவர்கள் கண்டால் முகம் சுளிப்பார்கள். தெரிந்தே வாங்கினால் பூஜை அறைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

வண்ணம் நிரப்பிய கொடி வேலை உள்ள பித்தளைப் பூச்சாடிகள் பல வீடுகளில் உண்டு. அவை பெரும்பாலும் உத்தரப் பிரதேசத்து மொராதாபாத்திலிருந்து வந்தவை. அலங்காரத்துக்கென்றே செய்யப்பட்டவை. அழகுக்காக வாங்கலாம், பழமைக்கென்று கூடுதல் விலை தர வேண்டாம்.

உலோகம் எது?

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. கடையில் நின்றபடியே மூன்று சோதனைகள் செய்யலாம்.

முதலாவது காந்தம். சிறு காந்தத் துண்டு ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். செம்பு, பித்தளை, வெண்கலம் எதிலும் அது ஒட்டாது. ஒட்டினால் இரும்புக்கு மேல் முலாம்.

இரண்டாவது கனம். ஒரே அளவுள்ள அலுமினியத்தைவிடப் பித்தளை மூன்று மடங்கு கனம். பார்வைக்குப் பருமனாக இருந்து கைக்கு லேசாக வந்தால் சந்தேகப்படுங்கள்.

மூன்றாவது ஒலி. பாத்திரத்தை உள்ளங்கையில் ஏந்தி விரல் முட்டியால் விளிம்பில் தட்டுங்கள். வெண்கலம் மணிபோல் ஒலித்து நெடுநேரம் கார்வை தரும். பித்தளையின் ஒலி சீக்கிரம் அடங்கிவிடும். வெண்கலப் பானை ‘டொக்’ என்று மட்டும் சொன்னால் எங்கோ விரிசல் இருக்கிறது. வெண்கலம் விறைப்பானது. கீழே விழுந்தால் நசுங்குவதற்குப் பதில் வெடித்துவிடும்.

உட்புறம் வெள்ளையாக இருந்தால் அது ஈயப்பூச்சு. சமையலுக்குப் புழங்கிய பித்தளைப் பாத்திரம் என்பதற்கு அதுவே சாட்சி. பூச்சு திட்டுத்திட்டாகப் போயிருந்தாலும் அலங்காரத்துக்குக் குறையில்லை, மறுபடி பூச வேண்டியதும் இல்லை.

தேய்மானத்தைப் படிப்பது

பாத்திரத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். புழங்கிய பாத்திரத்தின் அடி கல்தரையில் உரசி உரசிச் சுற்றிலும் கீறல் விழுந்து, கூர்மை எல்லாம் மழுங்கியிருக்கும். கீறல்கள் பல திசையில், பல ஆழத்தில் இருக்கும். உப்புத்தாள் போட்டுப் ‘பழசாக்கிய’ பொருளில் அவை ஒரே திசையில் ஒரே ஆழத்தில் ஓடும்.

அடுத்துக் கழுத்து. கிணற்றில் இறைத்த தோண்டியானால் விளிம்புக்குக் கீழே, கயிற்றின் சுருக்கு இறுகிய இடம் விரலுக்கு வழவழப்பாகத் தட்டுப்படும். இடுப்பில் சுமந்த குடத்தின் வயிற்றில் சிறு நசுங்கல்கள் இருக்கும். கிணற்றுச் சுவரில் இடித்த காயங்களும் அங்கேதான் இருக்கும். வெந்நீர்த் தவலையானால் கரி அடியிலும் அடி வயிற்றிலும் இருக்கும், கழுத்தில் இருக்காது. கறுப்பு அடியிலிருந்து விளிம்புக்குள் வரை ஒரே சீராகப் பரவியிருந்தால் அது அடுப்புக் கரியல்ல, பூசிய சாயம். ஈரத்துணியால் ஓர் ஓரத்தைத் துடைத்துப் பாருங்கள். பச்சைக் களிம்பும் அப்படித்தான். பழைய களிம்பு மூலை முடுக்குகளில் கெட்டியாகப் படிந்திருக்கும். புதிதாக ஏற்றியது துணியோடு வந்துவிடும்.

பிறகு செய்நேர்த்தி. தகட்டைத் தட்டிச் செய்த பழைய பாத்திரங்களில் சுத்தியலின் தட்டு அடையாளம் மேடு பள்ளமாகத் தெரியும். விரலை உள்ளே விட்டுத் தடவினால் இன்னும் தெளிவாகத் தெரியும். பல குடங்களில் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் தனித்தனியே செய்து பொருத்தப்பட்டிருக்கும். அந்தப் பொருத்துவாய், சில குடங்களில் பல் பல்லாக வெட்டிக் கோத்தது, வயிற்றைச் சுற்றி வேறு நிறத்தில் ஒரு கோடாக ஓடும். பலர் அதை ஓட்டை அடைத்தது என்று நினைத்து ஒதுக்குகிறார்கள். உண்மையில் அது பாத்திரம் செய்யும் கன்னாரின் கைத்திறனுக்கு அத்தாட்சி. வார்ப்புப் பாத்திரமானால் வெளியே கடைசல் பிடித்த வளையங்களும் உள்ளே வார்ப்பின் சொரசொரப்பும் இருக்கும். இயந்திரத்தில் அழுத்தி இழுத்த புதுப் பாத்திரம் மெல்லிய தகடாக, எங்கும் ஒரே கனமாக, பொருத்து இல்லாமல் இருக்கும்.

மஞ்சள் பித்தளையில் அங்கங்கே செம்பு நிறத் திட்டுகள் கண்டால் பயப்பட வேண்டாம். நெடுங்காலம் உப்போ புளிப்போ பட்டு, துத்தநாகம் கரைந்துபோய்ச் செம்பு மட்டும் நின்ற இடம் அது. அங்கே உலோகம் வலுவிழந்திருக்கும் என்பதால் ஒழுகுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் வெட்டு

கல்யாணச் சீர், வளைகாப்பு, கிரகப்பிரவேசம் என்று எதற்குப் பாத்திரம் வாங்கினாலும் பெயர் வெட்டிக் கொடுப்பது நம் வழக்கம். சிற்றுளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய அந்த எழுத்துகள்தான் பாத்திரத்தின் பிறப்புச் சான்றிதழ். கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த எழுத்தும் எழும்பித் தெரியும்.

எழுத்தின் வடிவமே காலத்தைச் சொல்லும். தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை 1978-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் ‘பிள்ளை’ என்பதில் வரும் ளை தும்பிக்கை வைத்த எழுத்தாக இருக்கும். ‘மீனாட்சி’யில் வரும் னா தனிக் கால் இல்லாமல் சுழித்து முடியும். இந்த வடிவங்கள் இருந்தால் பெரும்பாலும் 1978-க்கு முந்திய வெட்டு. பழகிய கை சில ஆண்டுகள் கழித்தும் அதே போல் வெட்டியிருக்கக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சில பாத்திரங்களில் தமிழ் வருஷப் பெயர் இருக்கும். ‘யுவ’ என்றிருந்தால் அது 1935-36 அல்லது 1995-96 ஆகலாம், இன்னும் பின்னோக்கினால் 1875-76. அறுபது வருடச் சுற்றில் எது என்பதை எழுத்தின் வடிவமும் தேய்மானமும் சேர்ந்து தீர்த்து வைக்கும்.

வேற்று வீட்டுப் பெயர் இருக்கிறதே என்று அதைத் தேய்த்து அழிக்கச் சொல்லாதீர்கள். அழித்தால் தகடும் மெலியும், காலமும் போய்விடும். பெயர் தெரியும்படி பாத்திரத்தைத் திருப்பி வையுங்கள்.

ஜாடியும் மங்கும்

மேலே பழுப்பு, கீழே வெள்ளை என இரு நிறத்தில் வரும் ஊறுகாய் ஜாடி எந்த வீட்டுக்கும் ஒத்துப்போகும். கூடத்தின் சிவப்புத் தரையிலும் நிற்கும், வெள்ளை டைல்ஸ் தரையிலும் நிற்கும். விரலால் தட்டினால் ‘ணங்’ என்று ஒலிக்க வேண்டும். மெல்லிய பீங்கானானால் உள்ளே விளக்கை விட்டுப் பார்த்தால் விரிசலும் ஒட்டுவேலையும் தெரிந்துவிடும். விளிம்பில் சிறு சில்லு போயிருப்பது குற்றமல்ல. அடிவரை ஓடும் விரிசல் குற்றம்.

ஆண்டுக்கணக்கில் ஊறுகாய் இருந்த ஜாடியில் உப்பு ஊறியிருக்கும். காய்ந்தபின் வெள்ளைப் பொடியாகப் பூத்து மேற்பூச்சைக் கிளப்பும். நல்ல தண்ணீரில் மூழ்க வைத்துத் தினம் தண்ணீர் மாற்றிச் சில நாள் ஊறவிட்டு, நிழலில் நன்றாகக் காயவிட்ட பிறகே பயன்படுத்துங்கள்.

வெளிநாட்டுப் பீங்கான், எனாமல் சாமான் வேண்டுமென்றால் காரைக்குடிக்கு ஒரு பயணம் போகலாம். முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த மங்குச் சாமான்கள் கிடைக்கும். சுவீடனின் காக்கம்ஸ் எனாமல் பாத்திரங்கள் அங்கே பிரபலம். அடியில் உள்ள முத்திரையைப் படியுங்கள். ‘செக்கோஸ்லோவாகியா’ என்றிருந்தால் அந்த நாடு பிறந்த 1918-க்குப் பிந்தியது, பிரிந்த 1992-க்கு முந்தியது. ‘ஆக்குபைட் ஜப்பான்’ என்றால் இரண்டாம் உலகப்போர் முடிந்து 1952 வரை நீண்ட அமெரிக்க ஆதிக்கக் காலத்துப் பொருள். நூறாண்டுப் பழசு என்று விற்பவர் சொல்வதை இந்த ஒரு வரியே சரிபார்த்துக் கொடுத்துவிடும்.

எங்கே தேடுவது, என்ன விலை

முதலில் உங்கள் வீட்டுப் பரண். அடுத்து அத்தை, பெரியம்மா வீட்டுப் பரண். எவர்சில்வர் வந்த பிறகு பித்தளையெல்லாம் பரணுக்குப் போனது, அங்கிருந்து எடைக்குப் போனது. இன்றும் மலைக்கோட்டையைச் சுற்றிய கடைவீதிகளின் பாத்திரக்கடைகளில் பழைய பித்தளையைப் போட்டுப் புதுச் சாமான் எடுப்பவர்கள் உண்டு. அப்படி வந்தவை உருக்கப் போகும் முன் மூலையில் குவிந்திருக்கும். “அண்ணே, பழசு வந்தது ஏதாவது இருந்தா பார்க்கலாங்களா?” என்று கேட்டால் பல கடைக்காரர்கள் முகம் கோணாமல் காட்டுவார்கள். உலைக்குப் போகவிருந்த ஒரு பாத்திரத்தை நீங்கள் வாங்கினால், அந்த வேலைப்பாடு இன்னொரு தலைமுறை பிழைத்தது.

விலை பேசும் முன் தராசில் வைக்கச் சொல்லுங்கள். அன்றைய பழைய பித்தளை எடை விலை என்ன, புதுப் பாத்திரத்தின் எடை விலை என்ன என்று இரண்டையும் கேளுங்கள். சாதாரணக் குடமோ தவலையோ இந்த இரண்டுக்கும் நடுவில் அமைவது நியாயம். அதற்கு மேல் கேட்டால் காரணம் கேளுங்கள்: நல்ல பொருத்துவேலை, பெயரும் வருஷமும், கிடைத்தற்கரிய வடிவம், மூடியோடு முழுமையாக இருப்பது. இவற்றில் ஒன்றாவது கண்ணெதிரே இருந்தால் கூடுதல் விலை தகும். ‘ரொம்பப் பழசுங்க’ என்பது மட்டும் காரணமாகாது.

புதிதாகவே வாங்க நினைத்தால் கும்பகோணத்தை ஒட்டிய நாச்சியார்கோவில் போய் வாருங்கள். காவிரிப் படுகை வண்டல் மண்ணில் அச்செடுத்து வார்க்கும் வேலையைக் கண்ணால் பார்த்துவிட்டால், அதன் பிறகு எந்தப் பழைய வார்ப்பையும் உங்கள் கை தானே எடைபோடும்.

வாங்கக்கூடாதவை

கோயில் பெயரோ ‘தேவஸ்தானம்’ என்றோ ‘உபயம்’ என்றோ பொறித்த பாத்திரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடாதீர்கள். அது கோயில் சொத்தாக இருக்க வாய்ப்புண்டு. சங்கு, சக்கரம், நாமம் மட்டும் இருந்தால் அது வீட்டுப் பாத்திரமாகவும் இருக்கலாம். எங்கிருந்து வந்தது என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள்.

மண்ணுக்குள்ளிருந்து எடுத்ததாகச் சொல்லும் பானை, தாழி எதையும் வாங்காதீர்கள். நம் உறையூரிலேயே 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகம் அகழாய்வு செய்து பழங்காலப் பானை ஓடுகளை வெளிக்கொணர்ந்தது. அங்கே ஓர் ஓடு எந்த அடுக்கில் கிடந்தது என்பதை வைத்துத்தான் வரலாறு எழுதப்படுகிறது. தோண்டி விற்ற பானை அந்தச் சாட்சியத்தை இழந்த பானை. புதையலாகக் கிடைத்தவற்றை ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டம்.

1972-இல் இயற்றி 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பாட்டியின் குடத்தை அமெரிக்காவில் இருக்கும் பேத்திக்கு அனுப்ப நினைக்கும் ஸ்ரீரங்கத்துக் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். வயது பற்றி ஐயம் இருந்தால், தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் பெறும் வழியை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே கேளுங்கள். 2020 முதல் திருச்சியிலேயே அதன் வட்ட அலுவலகம் இயங்குகிறது. பாவை விளக்கு போல் உருவம் உள்ள பழைய உலோகப் பொருளானால் பதிவு தேவையா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

தண்ணீர், பூ, துப்புரவு

வீட்டுக்கு வந்ததும் பாத்திரத்தில் நீர் நிரப்பிச் செய்தித்தாள் மேல் ஓர் இரவு வையுங்கள். காலையில் தாள் நனைந்திருந்தால் பற்றவைக்கச் சொல்ல வேண்டாம். உள்ளே ஒரு கண்ணாடி டம்ளரோ எவர்சில்வர் டம்ளரோ இறக்கி அதில் நீர் ஊற்றுங்கள். ஒழுகாத பாத்திரத்துக்கும் இதுவே நல்ல முறை. உலோகத்தில் நீர்க்கறை படியாது, தினம் தண்ணீர் மாற்றுவதும் சுலபம். குடத்தின் வாய் டம்ளருக்கு இடம் தராவிட்டால் காய்ந்த நெற்கதிர், நாணல் பூ போன்ற நீர் வேண்டாதவற்றை வையுங்கள்.

பூவுக்கு ஸ்ரீரங்கம் சாத்தார வீதி மார்க்கெட், திருச்சி காந்தி மார்க்கெட் இரண்டும் உண்டு. அங்கே வருவது பெரும்பாலும் தொடுக்கும் உதிரிப்பூ. தண்டோடு சம்பங்கி, தாமரை மொட்டு வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லி வைப்பது நல்லது.

பூஜைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்குவது போல் அலங்காரப் பாத்திரத்தை வாரந்தோறும் துலக்காதீர்கள். புளியின் அமிலம் ஒவ்வொரு முறையும் ஒரு மெல்லிய அடுக்கைக் கரைக்கிறது. முதலில் தேய்வது பெயர் வெட்டுதான். புளியோடு உப்பும் சேர்த்துத் தேய்ப்பது இன்னும் கேடு. இடுக்கில் தங்கும் உப்பு நாளாவட்டத்தில் வெளிர்பச்சைப் பொடியாக உலோகத்தை அரிக்கும். மென்மையான சோப்பு நீர், பருத்தித் துணி, உடனே ஈரம் போகத் துடைத்தல், இவை போதும். கருநிறம் ஏறினால் ஏறட்டும், விளிம்பையும் கைப்பிடியையும் மட்டும் துணியால் தேய்த்தால் வடிவம் எடுப்பாகத் தெரியும். மின்விளக்காக மாற்ற அடியில் துளை போடுவது, நிறம் மங்காமலிருக்க வார்னிஷ் அடிப்பது இரண்டையும் தவிருங்கள். பழைய ஜாடியிலும் ஈயச்சொம்பிலும் காரீயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. அலங்காரத்துக்கு வந்தவை அடுப்படிக்குத் திரும்ப வேண்டாம்.

கடைசியாக ஒரு வேலை. யாருடைய பாத்திரம், எந்த ஊர், எந்தக் கடையில் எப்போது வாங்கியது, என்ன எடை, என்ன பெயர் வெட்டியிருக்கிறது என்பதைப் பென்சிலால் ஒரு தாளில் எழுதிப் படம் எடுத்து, குடும்ப ஆவணங்களோடு வையுங்கள். பரணில் கண்டெடுத்ததானால் வீட்டில் மூத்தவரை உட்கார வைத்துக் கேட்டு எழுதுங்கள். பத்து நிமிட வேலைதான். அடுத்த முறை வீடு மாற்றும்போது அந்தப் பாத்திரம் எடைக்குப் போகாமல் இருப்பதற்கு இதைவிட உறுதியான காப்பு கிடையாது.